1918-இல் எவரும் கண்டிராத வைரஸுக்கு இன்று வயது சொல்வது எப்படி?

தொடக்கக் கேள்வி: வைகைக்கரை வாசகர், 3 ஆகஸ்ட் 2024

1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சாவைப் பற்றி எங்கு படித்தாலும், "பறவைகளிடமிருந்து வந்த எச்1என்1 வைரஸ்" என்று ஐயமே இல்லாமல் எழுதுகிறார்கள். அன்று வைரஸைப் பார்க்கும் கருவி கிடையாது. நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றே மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். பார்க்காத ஒன்றின் பூர்வீகத்தை நூறாண்டு கழித்துச் சொல்வதற்கும் ஜாதகம் கணிப்பதற்கும் என்ன வேறுபாடு? கணினியில் கொடுத்தால் கேட்கிற ஆண்டு வந்துவிடும் என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

3 ஆகஸ்ட், இரவு

மறுக்கிறேன். அந்த வைரஸின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதன் மரபுப்பொருளின் எழுத்துவரிசை முழுவதும் படிக்கப்பட்டுவிட்டது.

நான் பல ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் தொழில்நுட்பராக இருந்தவன் என்பதால், எனக்குப் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்குகிறேன். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, நீரை அகற்றி, உருகிய பாரஃபின் மெழுகில் அமிழ்த்தி, சிறு பிளாக்காக உறையவிடுவோம். அதை மைக்ரோடோமில் பொருத்திக் கைப்பிடியைச் சுழற்றினால், நான்கைந்து மைக்ரான் தடிமனுள்ள சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக இறங்கும். அந்த நாடாவை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்துவோம். அறிக்கை எழுதி முடித்த பின் மீதி பிளாக் பெட்டிக்குள் போய்விடும். பெரும்பாலும் அதை மறுபடி எவரும் கேட்பதில்லை.

1918 செப்டம்பரில் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் உள்ள ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் இறந்த 21 வயதுப் படைவீரர் ஒருவரின் நுரையீரல் திசு, இப்படித்தான் ராணுவ நோய்க்குறியியல் நிறுவனத்தின் கிடங்கில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கிடந்தது. ஜெஃப்ரி டாபன்பெர்கரும் ஆன் ரீடும் அவர்களுடைய குழுவினரும் அதிலிருந்து வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, 1997-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஃபார்மலின் ஆர்என்ஏவை நொறுக்கிவிடும். கிடைத்தவை நூற்றைம்பது எழுத்துகளைக்கூட எட்டாத துணுக்குகள். வைரஸின் மொத்த நீளமோ 13,000 எழுத்துகளுக்கு மேல். ஒன்றின் ஓரம் மற்றொன்றின் ஓரத்தோடு படியுமாறு துணுக்குகளை அடுக்கிப் படித்து முடிப்பதற்குள் 2005 ஆகிவிட்டது.

4 ஆகஸ்ட்

ஒரு படைவீரரின் திசு மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, திசு தீர்ந்துகொண்டே வந்தது. அந்த நிலையில்தான் யோஹான் ஹல்டின் உள்ளே வருகிறார்.

அலாஸ்காவின் கடலோரத்தில் உள்ள பிரெவிக் மிஷன் என்ற பூர்வகுடிக் கிராமத்தில், 1918 நவம்பரில் ஐந்தே நாட்களில் 80 பெரியவர்களில் 72 பேர் இறந்தார்கள். அவர்களைப் புதைத்த மண் ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் மண். ஹல்டின் 1951-இல் மாணவராக அங்கே சென்று, கிராமத்தாரின் அனுமதியோடு தோண்டி, நுரையீரல் மாதிரிகளை எடுத்தார். வழியில் அவை உருகிவிடாதிருக்கத் தீயணைப்புக் கருவியிலிருந்து பீறிடும் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு உலர்பனி உண்டாக்கிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். கோழிமுட்டையில் ஏற்றிப் பார்த்தார். ஃபெரட் விலங்குகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார். எதிலும் வைரஸ் வளரவில்லை. உயிருள்ள வைரஸ் இல்லையென்றால் அந்தக் காலத்தில் ஆய்வே இல்லை.

1997-இல் டாபன்பெர்கரின் கட்டுரையைப் படித்தபோது ஹல்டினுக்கு 72 வயது. சொந்தச் செலவில் மறுபடியும் அதே கிராமத்துக்குப் போனார். மனைவியின் தோட்டக் கத்தரிக்கோலை எடுத்துச் சென்று, அதைக் கொண்டே விலா எலும்புகளை வெட்டினார் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி. கத்தரிக்கோல் தோட்டத்துக்குத் திரும்பியதா என்று எவரும் சொல்வதில்லை. பருமனான உடல்வாகு கொண்ட ஒரு பெண்ணின் நுரையீரல் மட்டும், கொழுப்புப் படலத்தின் காப்பால் கெடாமல் இருந்தது. 1951-இல் பயனற்றுப் போன அதே இடம் 1997-இல் பயன்பட்டதற்குக் காரணம், இடையில் மரபுத் துணுக்குகளைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் என்ற நுட்பம் வந்து, இறந்துபோன வைரஸையும் படிக்கலாம் என்ற நிலை ஏற்பட்டதுதான்.

7 ஆகஸ்ட்

இனி வயதுக் கணக்கு. கேள்வியின் மையம் இதுதான் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

இன்ஃபுளுயன்சா வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போது ஆர்என்ஏவைப் பிழை திருத்தாமல் நகலெடுக்கிறது. நம் ஏடுகளுக்கு நேர்ந்ததும் இதுவே: ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர் ஒரு கைப்பிழை விட்டால், அவர் பிரதியைப் பார்த்து எழுதிய அனைவரும் அந்தப் பிழையைச் சுமந்தார்கள், பாடபேதங்களை ஒப்பிட்டு, எந்தப் பிரதி எதன் வழி வந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டார்கள். வைரஸ் ஆய்வாளர்களும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில் எடுத்த மாதிரிகளின் எழுத்துவரிசைகளை ஒப்பிட்டு வம்சாவளி மரம் வரைகிறார்கள். ஏடுகளில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: பிழைகள் சேரும் வேகம் பெரும்பாலும் சீரானது. மனிதரிடையே பரவும் இன்ஃபுளுயன்சாவின் எச் மரபணுவில் (எச்1என்1 என்ற பெயரில் உள்ள 'எச்', வைரஸின் மேற்புறப் புரதம்), ஏறத்தாழ 1,700 எழுத்துகளுக்கு, ஆண்டுக்கு ஐந்தாறு மாற்றங்கள் நிலைபெறுகின்றன. கொரோனா வைரஸில் 30,000 எழுத்துகளுக்கு மாதம் ஏறத்தாழ இரண்டு. தேதி தெரிந்த மாதிரிகளை ஒரு வரைபடத்தில் குறித்து, வேகத்தைக் கண்டு, கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் பொது மூதாதை வாழ்ந்த காலம் கிடைக்கும். இதைத்தான் மூலக்கூறு கடிகாரம் என்கிறார்கள்.

"கேட்கிற ஆண்டு வரும்" என்ற குற்றச்சாட்டுக்கு நேரடியான பதில், அந்தக் கணக்கைச் சோதித்த விதத்தில் இருக்கிறது. எச்ஐவி வைரஸின் மூதாதைக்குக் காலம் கணித்த குழு ஒன்று, 1959-இல் கின்ஷாசாவில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரியைத் தேதி தெரியாத மாதிரியைப் போல வைத்து, கணக்கு எந்த ஆண்டைச் சொல்கிறது என்று பார்த்தது. விடை உண்மைக்கு மிக அருகில் விழுந்தது. அந்தக் குழு 2000-இல் மூதாதைக்குச் சொன்ன ஆண்டு 1931. பிறகு அதே நகரில் 1960-இல் எடுத்து பாரஃபினில் பதித்த ஒரு நிணநீர்க்கணுத் திசு கிடைத்ததும், மைக்கேல் வொரோபியின் குழு 2008-இல் அதை 1908-க்குப் பின்தள்ளியது. 1884-க்கும் 1924-க்கும் இடையே என்று எல்லைகளையும் சொன்னது. ஜாதகம் கணிப்பவர் நாற்பதாண்டு இடைவெளியைத் தாமே முன்வந்து சொல்வதை நான் பார்த்ததில்லை.

8 ஆகஸ்ட்

தனிச்செய்தியில் ஒருவர், வரிசையைப் படிப்பதற்கு முன் எதுவுமே தெரியாதா என்று கேட்டார். தெரியும். ரிச்சர்ட் ஷோப் 1931-இல் பன்றியிலிருந்து இன்ஃபுளுயன்சா வைரஸைப் பிரித்தார். 1933-இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித வைரஸை ஃபெரட்டுகளில் வளர்த்தார்கள். (தும்மும் ஃபெரட் ஆய்வாளருக்கே காய்ச்சலைத் திருப்பிக் கொடுத்த நிகழ்வும் அந்த ஆண்டுகளில் உண்டு, நோய் தொற்றும் என்பதற்கு அதைவிடச் சிக்கனமான நிரூபணம் இல்லை.) பெரியவர்களின் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பன்றி வைரஸைச் செயலிழக்கச் செய்தது, சிறு குழந்தைகளின் சீரம் பெரும்பாலும் செய்யவில்லை. ஆகவே பன்றியிடம் இருப்பது 1918-இல் மனிதரிடையே சுற்றிய வைரஸின் வாரிசு என்று 1930-களிலேயே ஊகித்தார்கள்.

அந்த ஊகம் 2008-இல் நேரடியாக உறுதிப்பட்டது. பெருந்தொற்றைச் சிறுவயதில் கடந்து வந்த, 91 முதல் 101 வயது வரையுள்ள 32 பேரின் இரத்தத்தில், 1918 வைரஸைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் அப்போதும் இருந்தன.

11 ஆகஸ்ட்

கடிகாரம் பொய் சொல்லும் இடமும் உண்டு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த நிகழ்ச்சி அதுவே.

1918-இன் வாரிசான எச்1என்1, 1957-இல் எச்2என்2 என்ற வேறு வகை வந்ததும் மனிதரிடமிருந்து மறைந்தது. இருபது ஆண்டுகள் எங்கும் இல்லை. 1977-இல் முதலில் சீனாவிலும், பிறகு சோவியத் ஒன்றியத்திலும் திரும்பி வந்தது. நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். மூத்தவர்கள் 1957-க்கு முன்பே அந்த வைரஸைச் சந்தித்திருந்ததால் தப்பினார்கள். 1978-இல் நகாஜிமா, டெசெல்பெர்கர், பலேசி மூவரும் புதிய வைரஸின் ஆர்என்ஏவை நொதியால் வெட்டி, துண்டுகளின் கோலத்தைப் பழைய வகைகளோடு ஒப்பிட்டபோது, அது 1950-ஐ ஒட்டிய வைரஸ்களோடு ஏறத்தாழ ஒன்றிப்போனது. மனிதரிடையே அத்தனை ஆண்டுகள் பரவியிருந்தால் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் சேர்ந்திருக்க வேண்டும், அவை இல்லை. எந்த விலங்கிலும் இன்ஃபுளுயன்சா அப்படி அசையாமல் இருந்ததாகச் சான்று கிடையாது. அது எங்கோ ஓர் உறைபெட்டியில் இருந்திருக்கிறது.

12 ஆகஸ்ட்

"அப்படியானால் உயிரி ஆயுதம்தானே" என்று அடுத்த மணிநேரத்திலேயே எழுதிய நண்பருக்கு: வரிசை சொல்வது ஒன்றே ஒன்று, வைரஸ் பல ஆண்டுகள் பெருகாமல் இருந்தது என்பது. யார் வைத்திருந்தார்கள், எப்படி வெளியே வந்தது என்பதை அது சொல்லாது. ஆய்வகக் கசிவு ஒரு சாத்தியம். உயிருள்ள வைரஸைக் கொண்டு நடந்த தடுப்பூசிச் சோதனை தவறிப்போனது இன்னொரு சாத்தியம். பின்னதை, சீன வைரஸியலாளர் ஒருவர் தம்மிடம் கூறியதாக பலேசியே பின்னாளில் எழுதினார். 1950-களின் சாதாரண வகையை, நாட்டின் பாதிப்பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ள ஒன்றை, எவரும் ஆயுதமாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

18 ஆகஸ்ட்

7-ஆம் தேதிக் குறிப்பில் "பெரும்பாலும் சீரானது" என்று எழுதியதை விரிக்க வேண்டும்; அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள் நிறைய இருக்கிறது.

முதலாவது, 1977-இன் எதிரொலி. அந்த ஆண்டுக்குப் பிந்தைய எச்1என்1 வரிசைகளை, இடையில் உறைந்த காலத்தைக் கழிக்காமல் கணக்கில் சேர்த்தால், வைரஸ் மெதுவாக மாறியது போலத் தோன்றும். மூதாதையின் ஆண்டு பின்னே நகர்ந்துவிடும். ஜோயல் வெர்தைம் 2010-இல் இதை விளக்கமாகக் காட்டினார். பெயர்த்தெழுதப்படாமல் பரணில் கிடந்த ஏட்டில் பாடபேதம் வளராது. அந்த ஆண்டுகளையும் எழுதிய ஆண்டுகளாக எண்ணினால் கணக்குப் பிசகும்.

இரண்டாவது, கடிகாரம் விலங்குக்கு விலங்கு வேறு வேகத்தில் ஓடுகிறது. குதிரையில் மெதுவாகவும் மனிதரிலும் பறவையிலும் வேகமாகவும் ஓடுகிறது. எல்லா விலங்குகளுக்கும் ஒரே வேகம் என்று கொண்டு வரைந்த பழைய மரங்கள், 1918 வைரஸின் உறவுமுறையையே மாற்றிக் காட்டின. வொரோபியும் ஆண்ட்ரூ ராம்பாட்டும் 2014-இல் ஒவ்வோர் உயிரினத்துக்கும் தனி வேகம் கொடுத்துக் கணக்கிட்டபோது, மனித எச் மரபணு 1918-க்குச் சில ஆண்டுகள் முன்பே மனிதரிடம் வந்திருக்கலாம் என்றும், மற்றத் துண்டுகள் பெருந்தொற்றை ஒட்டியே பறவைகளிடமிருந்து சேர்ந்திருக்கலாம் என்றும் முடிவு வந்தது. எட்டுத் துண்டுகளாக இருக்கும் வைரஸ் இது. ஒரே செல்லில் இரண்டு வகைகள் புகுந்தால் துண்டுகள் கலந்து வெளிவரும். அதனால் "வைரஸ் எந்த ஆண்டு பிறந்தது" என்ற கேள்விக்கு எட்டு விடைகள் இருக்கக்கூடும்.

பெருந்தொற்று தொடங்கியது அமெரிக்காவின் கன்சாஸா, பிரான்சின் போர் முகாமா, சீனாவா என்ற இடச் சண்டை இதனால் தீரவில்லை. 1918-க்கு முந்தைய மனித மாதிரி ஒன்றுகூடப் படிக்கப்படாத நிலையில், வரிசையை வைத்து அந்தச் சண்டையைத் தீர்க்கவும் முடியாது.

19 ஆகஸ்ட்

ஆம், 1918 வைரஸை உயிரோடு மீட்டது உண்மைதான். 2005-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியில் டெரன்ஸ் டம்பி, பிறர் வெளியேறிய பின் தனியாக, வைரஸ் தடுப்பு மாத்திரை உட்கொண்டபடி செய்தார். எலிகள் ஆறு நாட்களுக்குள் இறந்தன. செய்திருக்க வேண்டுமா என்ற விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

25 ஆகஸ்ட்

மரம் வரைவது மட்டுமே ஆய்வு என்ற எண்ணம் இந்த இழையில் வளர்கிறது. பரவலைத் தொடர்வதற்குப் பழைய வழி, ஊரூராக வாராந்தர எண்ணிக்கை வாங்குவது. 1957-இன் எச்2என்2 இந்தியாவுக்குள் நுழைந்ததே சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். மே மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூர் அரசு அறிவிப்பு விடுத்தது. அதே மாதம் நோயாளிகளோடு ஒரு கப்பல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் நாகைக்கும் சென்னைக்கும் இடையே கப்பல்கள் இடைவிடாமல் மக்களை ஏற்றிச் சென்ற காலம் அது; வைரஸுக்குத் தனிப் பயணச்சீட்டு தேவைப்படவில்லை. மாநிலங்கள் வாரந்தோறும் அனுப்பிய எண்ணிக்கைகளைத் தொகுத்து, அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை 44 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் என்று கணக்கிட்டவர், குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தின் இன்ஃபுளுயன்சா மையத்தைச் சேர்ந்த ஐ.ஜி.கே. மேனன். நீலகிரி மலையில் அந்த நிறுவனத்தை வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக மட்டும் அறிந்தவர்கள் இதையும் அறிந்துகொள்ளலாம்.

1957 வைரஸ் பழைய எச்1என்1-இன் ஐந்து துண்டுகளும் பறவை வைரஸின் மூன்று துண்டுகளும் சேர்ந்தது என்பது வரிசை படித்த பிறகே தெரிந்தது. அது எந்த வாரத்தில் எந்த மாநிலத்துக்குப் போனது என்பதை இன்றும் மேனன் தொகுத்தவை போன்ற வாராந்தர அறிக்கைகளே சொல்கின்றன.

1 செப்டம்பர்

2009-ஐப் பற்றிக் கேட்டவருக்கு. மெக்சிகோவிலும் கலிபோர்னியாவிலும் தோன்றிய எச்1என்1-ஐ ஏப்ரலிலேயே படித்துவிட்டார்கள். ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என அறிவித்தது. எட்டுத் துண்டுகளும் பன்றிகளிடமிருந்தே வந்தவை. ஆனால் ஆறு துண்டுகள் வட அமெரிக்கப் பன்றி வைரஸைச் சார்ந்தவை, இரண்டு ஐரோப்பிய-ஆசியப் பன்றி வைரஸைச் சார்ந்தவை. மரத்தில் இந்த வைரஸுக்கும் அதன் அருகிலிருந்த உறவினருக்கும் இடையே பல ஆண்டு நீளமான வெறுங்கிளை இருந்தது. அத்தனை காலம் பன்றிகளுக்குள் சுற்றியும் எவர் கையிலும் சிக்கவில்லை என்பதே அதன் பொருள். ஒப்பிட உதவிய பன்றி வரிசைகளில் ஒரு பகுதி ஹாங்காங் இறைச்சிக்கூடத்தில் தொடர்ந்து மாதிரி எடுத்தவர்களிடமிருந்து வந்தது. அந்தப் பணியில் முக்கியமானவர் இலங்கையில் பிறந்த மாலிக் பீரிஸ். ஆசிய வைரஸின் துண்டுகள் இருந்ததால் ஆசியாவில் பிறந்தது என்று முதலில் பலர் எண்ணினார்கள். மெக்சிகோவின் பன்றிகளை முறையாகச் சோதித்த பிறகு, 2016-இல், மத்திய-மேற்கு மெக்சிகோவே பிறப்பிடம் என்று காட்டப்பட்டது. மாதிரி மிகுதியாக எடுக்கும் நாட்டைப் பிறப்பிடமாகக் காட்டுவது இந்த மரங்களுக்கு உள்ள பழைய நோய். மரப் படத்தைப் பார்க்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

8 செப்டம்பர்

வைகைக்கரை வாசகர் மறுபடியும் வந்து, "எல்லாம் சரி, ஆனால் மாதிரியின் மேல் ஒட்டிய தேதியே தவறாக இருந்தால்?" என்று கேட்டிருக்கிறார். இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி இது. நான் வேலை பார்த்த இடத்தில், சைலீன் பட்டு எழுத்து அழிந்துபோன பிளாக்குகள் பெட்டி பெட்டியாக இருந்தன; இடம் இல்லையென்று ஒருநாள் அவற்றை எரிக்க அனுப்பினார்கள். 2021-இல் ஆர்டி-பிசிஆர் மாதிரிகளோடு வந்த படிவங்களில், நோய்க்குறி தொடங்கிய தேதி என்ற கட்டம் பல நேரங்களில் வெறுமையாகவே இருக்கும். மாதிரி எடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்தால், அன்றைய தேதியையே போட்டுக்கொள்ளச் சொல்வார். அந்த எண்ணைத்தான் பிறகு ஒருவர் கணினியில் இடுகிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையும் அன்று. 2024 மார்ச் மாதம் அமெரிக்காவில் கறவை மாடுகளில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் கண்டறியப்பட்டது. ஏப்ரலில் அந்நாட்டு வேளாண்மைத் துறை 200-க்கும் மேற்பட்ட மாதிரிகளின் மூல வரிசைகளை வெளியிட்டபோது, எடுத்த இடம் "அமெரிக்கா" என்றும் எடுத்த தேதி "2024" என்றும் மட்டுமே குறித்திருந்தது. மாநிலமும் நாளும் இல்லாமல் மரத்தைச் சரியாக நிறுத்த முடியாதென்று ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே குறைகூறினார்கள். கிடைத்ததை வைத்து அவர்கள் அப்போது கண்டது இது: பறவையிடமிருந்து மாட்டுக்கு ஒரே ஒரு முறை தாவல், அதுவும் அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பே. எந்த மாதம் என்பதற்குச் சொல்லும் எல்லை அகலமாக இருப்பதற்குத் தேதிக் குறைபாடும் ஒரு காரணம். தேதியைச் சரிபார்க்கும் வழி ஒன்று உண்டு: ஒரு மாதிரி, தன் மேல் எழுதிய ஆண்டுக்குரிய மாற்றங்களைவிட மிகக் குறைவாகவோ மிகுதியாகவோ சுமந்திருந்தால், அது கோட்டிலிருந்து விலகித் தனியே நிற்கும். அப்படி நிற்பவற்றை நீக்கிவிட்டோ, ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்டோதான் அடுத்த படிக்குப் போகிறார்கள். ஆனால் எல்லாத் தேதிகளும் சேர்ந்து ஒரே திசையில் தவறியிருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது.